நிழலும் அமானிதமும்

ஒளியைக் கருவியால் பற்றி எடுக்கும் படத்துக்குத் தமிழில் பெயர்கள் பல. புகைப்படம் என்பர் சிலர். ஒளிப்படம் என்பர் சிலர். நிழற்படம் என்பர் வேறு சிலர். பாரசீக மொழியினர் அதனை ‘அக்ஸ்’ என்பர்; எதிரொளி என்பது அச்சொல்லின் பொருள். இவற்றுள் நிழற்படம் என்னும் சொல்லே நமக்கு மிகவும் உவப்பானது. அதற்கோர் காரணம் உண்டு.

எகிப்து நாட்டின் முப்தியாக 1914 முதல் 1920 வரை விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், இக்கருவிப் படம் ஆகுமானதா என்னும் வினாவுக்கு விடையாகத் தனியே ஒரு நூல் எழுதினார்கள். இறைவனின் படைப்புக்கு நிகராக உருவம் சமைக்கும் செயல் இதுவன்று. இருக்கும் நிழலைத் தெரிந்த சாதனங்களால் தடுத்து நிறுத்திக்கொள்ளும் செயலே இது என்பது அன்னாரின் கருத்து. ‘ஹப்ஸுள் ளில்’ என்பர் அரபியில். நிழலைச் சிறைப்பிடித்தல் என்று தமிழில் சொல்லலாம். இதனை ஏற்காத உலமாக்களும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அக்கருத்து வேற்றுமைக்கு இக்கட்டுரையில் தீர்ப்பு வழங்குவது நம் நோக்கமன்று. முப்தி அவர்களின் சொல்லைக் கடனாகப் பெற்று, அதிலிருந்து ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறோம்.

நிழல் சிறைப்பிடிக்கப்படுகிறது எனின், சிறைப்பட்டவருக்கும் உரிமைகள் உண்டன்றோ? நம் மார்க்கம் போர்க் கைதிக்கும் உணவும் கண்ணியமும் விதித்த மார்க்கம். ஆகவே, ஒரு படத்தைக் காணும்போது நான்கு கேள்விகள் கேட்கத் தோன்றுகிறது. இது யாருடைய நிழல்? எந்த நோக்கத்தோடு பிடிக்கப்பட்டது? எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? உரியவரிடம் என்றேனும் திரும்பிச் சென்றதா? வடதுருவத்தை அடுத்த நாடுகளின் கால்நடை மேய்ப்பர்களைக் கருப்பு வெள்ளையில் காட்டும் சில புகழ்பெற்ற படத் தொகுதிகளை இந்நான்கு கேள்விகளோடு அணுகுவோம்.

மேய்ப்பரின் மாண்பு

பனிநாட்டு மேய்ப்பனைப் பற்றி நமக்கென்ன என்று வாசகர்கள் எண்ணலாகாது. ஆடு மேய்க்காத நபி எவரும் அனுப்பப்பட்டதில்லை என்றும், தாமும் மக்காவாசிகளின் ஆடுகளைச் சிறு கூலிக்கு மேய்த்ததாகவும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அறிவோம். மூஸா (அலை) அவர்கள் கையிலிருந்த கோல் அற்புதமாக மாறுவதற்கு முன்னர், ஆடுகளுக்குத் தழை உதிர்க்கும் கோலாகவே இருந்தது. மேய்த்தல் என்பது நம்மிடம் இழிதொழிலன்று. பொறுப்புக்கே அது உவமை. குடும்பத் தலைவர் முதல் ஆட்சித் தலைவர் வரை யாவரும் மேய்ப்பர்களே, தத்தம் மந்தை பற்றி விசாரிக்கப்படுவர் என்பது நபிமொழி நமக்குத் தரும் பாடம்.

கால்நடைகளின் அழகைப் பற்றியும் திருமறை பேசுகிறது. ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில், அவற்றை மாலையில் ஓட்டி வருவதிலும் காலையில் ஓட்டிச் செல்வதிலும் மனிதருக்கு அழகு உண்டு என்னும் கருத்து வருகிறது. காலை முந்தியதாயிருக்க, மாலை ஏன் முதலில் கூறப்பட்டது என்று விரிவுரையாளர்கள் வினவினர். மாலையில் திரும்பும் மந்தை வயிறு நிறைந்து, மடி கனத்து வருகிறது. ஆதலால் அழகு அப்போதே முழுமையுறுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திரும்பி வருதலே அழகின் நிறைவு. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

விண்ணொளியைத் தேடி வந்தவர்

சோபுஸ் திரோம்ஹோல்ட் டென்மார்க்கைச் சேர்ந்தவர், 1851இல் பிறந்தவர், தொழிலால் பள்ளி ஆசிரியர். வடதுருவ வானில் இரவில் படரும் ஒளித்திரையை ஆராய்வதில் அவருக்குத் தீராத வேட்கை. 1882, 1883ஆம் ஆண்டுகளில் உலக நாடுகள் பல கூடி முதல் அனைத்துலகத் துருவ ஆண்டை நடத்தியபோது, அவர் நார்வேயின் வடகோடியிலுள்ள கௌட்டொகெய்னொ என்னும் சிற்றூரில் குளிர்காலத்தைக் கழித்து அவ்வொளியைக் கவனித்து வந்தார். அங்கே வாழ்ந்தவர் பெரும்பாலும் சாமி மக்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து, ருஷ்யா என்னும் நான்கு நாடுகளில் பரவியுள்ள அம்மக்களுள் ஒரு பகுதியினர் துருவமான்களை மேய்த்து வாழ்பவர்கள். அயலார் அவர்களுக்கு இட்ட ‘லாப்’ என்னும் பெயர் இழிவுக் குறிப்புடையது. சாமி என்பதே அவர்கள் தமக்கு வழங்கிக்கொள்ளும் பெயர்.

விண்ணொளியைப் படம்பிடிக்கத் திரோம்ஹோல்ட் அங்கே பலகால் முயன்றார், முடியவில்லை. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு அம்மெல்லொளியைப் பற்றும் நுண்மை இல்லை. ஆனால் அதே கருவியை அவர் ஊர் மக்களின் பக்கம் திருப்பினார். வானத்தைத் தேடி வந்தவருக்கு மண்ணின் முகங்கள் வாய்த்தன. அவர் எழுதிய பயண நூல் 1885இல் வெளிவந்தது. அவருடைய படத் தகடுகள் இன்று நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அவை இடம்பெற்றன.

அப்படங்களில் நாம் காண்பதென்ன? தோலாடையும் குல்லாயும் அணிந்த ஆடவர், பெண்டிர், முதியோர், சிறார். அவர்கள் வேடிக்கைப் பொருளாய் நிறுத்தப்படவில்லை. முகத்தின் சுருக்கத்தையும் கண்ணின் நோக்கையும் படம் மதித்துப் பார்க்கிறது. இவை யாவற்றினும் மேலாக, அவர்கள் பெயர்களோடு பதியப்பட்டுள்ளனர். ‘சாமிப் பெண்’, ‘மேய்ப்பன்’ என்று பொதுப்படச் சொல்லிச் செல்லும் வழக்கம் மிகுந்திருந்த காலத்தில் இது சிறிய செய்தியன்று.

நபிமொழிக் கலை பயில்வோர் தொடக்கத்திலேயே கற்பது இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடர். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், கேட்டவர் நம்பத்தக்கவரா என்று வினவாமல் முன்னோர்கள் எச்செய்தியையும் ஏற்றதில்லை. செய்தி எத்துணை அழகாயிருப்பினும் தொடர் அறுந்திருந்தால் அது பலவீனமானதே. படத்துக்கும் இது பொருந்தும் என்பது நம் துணிபு. பெயர் உள்ள படம் தொடர் அறாத அறிவிப்பு. நூறாண்டு கழித்து ஒரு பேரன் வந்து, இவர் என் பாட்டனார் என்று சொல்ல அதுவே வழி திறந்து வைக்கிறது.

அளவுகோலின் முன்

திரோம்ஹோல்ட் கௌட்டொகெய்னொவில் இருந்து திரும்பிய மறு ஆண்டே, 1884இல், வேறொரு கருவி அவ்வடபுலத்துக்கு வந்தது. நெப்போலியனின் உடன்பிறந்தார் வழிப் பேரரான ரோலாண் போனபார்ட் இளவரசர் சாமி மக்களை ஆராயப் பயணக் குழு ஒன்றை நடத்திச் சென்றார். அக்குழு எடுத்த படங்கள் முன்முகம் ஒன்றும் பக்கமுகம் ஒன்றுமாக அமைந்தவை. மனித இனங்களை அளந்து வகைப்படுத்தும் கலைக்கு உதவும்பொருட்டு எடுக்கப்பட்டவை. இத்தகைய தொகுதிகளில் பெயரும் எழுதப்படலாம். ஆனால் அளவுக் குறிப்புக்குத் துணையாக வரும் பெயர், ஆளை அழைக்கும் பெயராகாது. ஆகவே தொடர் ஒன்றே போதாது. அறிவிப்பவரின் உள்ளம் நேரியதாயிருத்தலும் வேண்டும். இஸ்னாதை ஆராய்ந்த முன்னோர்கள் அறிவிப்பாளரின் நாணயத்தையும் சேர்த்தே ஆராய்ந்தனர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

அந்த அளவுகோல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வரலாறு சொல்கிறது. 1922இல் சுவீடன் அரசு உப்சாலா நகரில் இன உயிரியல் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தது. ஹெர்மன் லுண்ட்போர்க் அதன் தலைவரானார். சாமி மக்களை வரிசையாக நிறுத்தி, மண்டையை அளந்து, படமெடுத்து, தாழ்ந்த இனம் என்று முத்திரை குத்தும் பணிக்கு அரசுப் பணமும் கல்வியின் பெயரும் துணை நின்றன.

இதற்கு முன்னரே நிகழ்ந்த கொடுமை ஒன்றும் உண்டு. 1852 நவம்பரில் அதே கௌட்டொகெய்னொவில் சாமி மக்களுள் ஒரு கூட்டத்தார், சாராயம் விற்ற வணிகர் மீதும் அதிகாரத்தின் மீதும் சினங்கொண்டு கிளர்ந்தெழுந்தனர். வணிகரும் காவல் அதிகாரியும் கொல்லப்பட்டனர். அதற்காக அஸ்லாக் ஹெத்தா, மோன்ஸ் சோம்பி என்னும் இருவர் 1854இல் தலை துண்டிக்கப்பட்டனர். குற்றத்துக்குத் தண்டனை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அத்தலைகள் அடக்கம் செய்யப்படவில்லை. ஆராய்ச்சிக்கென்று பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டன. 1997இல்தான் அவை மீட்கப்பட்டு மண்ணுக்குள் வைக்கப்பட்டன. நூற்று நாற்பத்து மூன்று ஆண்டுகள்! ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்யக் கற்றுத்தந்த மார்க்கத்தில் பிறந்த நமக்கு இச்செய்தி நெஞ்சைச் சுடுகிறது. தலையைப் பேழையில் வைத்த மனமும், முகத்தைத் தகட்டில் அளந்த மனமும் ஒன்றே. அந்த ஊரில், அந்நிகழ்ச்சிக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் திரோம்ஹோல்ட் எடுத்த படங்களில் முதியோர்கள் கருவியை நேராகப் பார்க்கிறார்கள் என்றால், அப்பார்வையின் விலை யாதென்று நாம் உணர வேண்டும்.

வீடு திரும்பிய முகங்கள்

போனபார்ட் குழுவினரின் படங்கள் பாரிஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்தன. பின்லாந்தைச் சேர்ந்த யோர்மா புரானன் என்னும் படக்கலைஞர் அவற்றை அங்கே கண்டார். அந்த முகங்களைப் பெரிதாக்கி, ஒளி ஊடுருவும் தகடுகளில் பதித்து, சாமி மக்களின் நிலத்துக்கே எடுத்துச் சென்றார். பனிவெளியில், மரங்களினிடையில், நீர்க்கரையில் அவற்றை நிறுத்தி, மீண்டும் கருப்பு வெள்ளையில் படமெடுத்தார். 1990களில் அவர் செய்த இப்பணி 1999இல் நூலாக வந்தது. ‘கற்பனையான வீடு திரும்பல்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம்.

ஆய்வுக்கூடச் சுவரின் முன் குற்றவாளிபோல் நின்ற முகம், இங்கே தன் மண்ணின் பனியினூடே நம்மைப் பார்க்கிறது. முகத்துக்குப் பின்னால் மரம் தெரிகிறது. முகத்தின் வழியாகவும் மரம் தெரிகிறது. அளப்பதற்கென்று எடுத்த நிழல், அளக்க முடியாத ஒன்றாகிவிடுகிறது. மாலையில் மந்தை திரும்புவதில் அழகு நிறைவுறுகிறது என்று மேலே சொன்னோமே, அந்நிறைவின் சாயலை இப்படங்களில் காண்கிறோம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் திறனாய்வுக்கு அழகன்று. புரானன் சாமி இனத்தவர் அல்லர்; திரும்பியதும் ஆளன்று, நிழலே. இத்திரும்பல் கற்பனையானது என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்ட நேர்மைக்காக அவரை நாம் மதிக்கிறோம். செய்ய இயலாததைச் செய்துவிட்டதாகக் கலைஞன் பெருமை பேசாமலிருப்பதும் ஓர் அதபு ஆகும்.

ஐஸ்லாந்தின் செம்மறி நாள்

இனி மேற்கே கடல் கடந்து ஐஸ்லாந்துக்குச் செல்வோம். 1958இல் பிறந்த ராக்னர் ஆக்செல்சன், 1976 முதல் பல பத்தாண்டுகள் நாளிதழ் ஒன்றின் படக்காரராகப் பணியாற்றியவர். சிறுவயதுக் கோடைகளைப் பண்ணை வீட்டில் கழித்தவராதலால் மேய்ப்பர் வாழ்வு அவருக்குப் புதிதன்று. ‘வடக்கின் முகங்கள்’ என்னும் பொருளுடைய அவர் நூல் 2004இல் வெளிவந்தது. நாட்டின் தெற்கு மலைப்பகுதியில் ஆண்டுதோறும் நிகழும் ஆட்டு மீட்பைப் பற்றிய தனி நூல் 2013இல் வந்தது.

ஐஸ்லாந்தில் கோடையின் தொடக்கத்தில் செம்மறிகளை மலைவெளியில் அவிழ்த்துவிடுவர். காவல் இல்லை; வேலி இல்லை. செப்டம்பர் பிறந்ததும் ஊரார் கூடிக் குதிரையேறிச் சென்று, மூடுபனியிலும் ஆலங்கட்டி மழையிலும் நாள்கணக்கில் தேடி, மந்தைகளைக் கீழே ஓட்டி வருவர். வட்டமான பெருந்தொழுவம் ஒன்றில் ஆடுகள் யாவும் கலந்து நிற்கும். அதனைச் சுற்றிலும் பண்ணைக்கொன்றாகச் சிறு பட்டிகள். காதில் வெட்டப்பட்ட அடையாளம் கண்டு, இது இன்னாருடையது என்று பிரித்து அவரவர் பட்டியில் சேர்ப்பர். அக்காதடையாளங்கள் அச்சிட்ட பதிவேடுகளாகவே உள்ளன. ஓர் ஆட்டுக்குட்டிக்கும் உரியவர் யாரென்று எழுதி வைத்திருக்கும் நாட்டில், மனிதர் பெயரின்றிப் போவது பொருந்துமா? ஆக்செல்சனின் படங்களில் உழவர்கள் பெரும்பாலும் பெயரும் ஊரும் உடையவர்களாய் வருகிறார்கள்.

அவர் 1995இல் எடுத்த ஒரு படம் உலகறிந்தது. கரிய கடல்மணல், சீறும் காற்று, வெண்ணிறத் தாடியும் தலைமுடியும் பறக்க நிற்கும் முதிய உழவர் ஒருவர். அலையின் நுரைக்கும் அவர் தாடிக்கும் நிறம் ஒன்று. காற்றுக்கு முகம் சுளித்து நிற்கும் அவரைக் காணும்போது, இரக்கம் தோன்றுவதில்லை, மரியாதையே தோன்றுகிறது. எளியவரைப் படமெடுப்போர் பலரும் இரக்கத்தைப் பிச்சையாகக் கேட்டு வாங்கித் தருகின்றனர். ஆக்செல்சன் அவ்வழி செல்லவில்லை.

அவரிடம் நாம் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. 2010இல் வெளியான அவர் நூலொன்றின் தலைப்பு துருவப்பகுதியின் ‘கடைசி நாள்கள்’ என்னும் பொருளுடையது. பனி உருகுவதை எச்சரிக்கும் நல்லெண்ணத்தோடு இட்ட பெயர்தான்; அவ்வெச்சரிக்கை வேண்டியதும்தான். ஆனால் ‘கடைசி’ என்னும் சொல்லை மனிதர் மீது ஏவும்போது அச்சம் கொள்ள வேண்டும். கடைசி மேய்ப்பன், கடைசி வேடன், கடைசித் தலைமுறை என்றெல்லாம் படநூல்கள் பறைசாற்றுகின்றன. வாழ்பவரை முன்னரே அழுது அனுப்பிவிடும் வழக்கம் இது. கௌட்டொகெய்னொவில் 1989இல் சாமி மக்களுக்கென்றே உயர்கல்லூரி ஒன்று எழுந்தது. அங்கே அவர்கள் தம் மொழியிலேயே கற்பிக்கின்றனர். நார்வேயின் போசன் பகுதியில் காற்றாலைகள் தங்கள் மேய்ச்சல் நிலத்தைப் பறித்தன என்று சாமி மேய்ப்பர்கள் தொடுத்த வழக்கில், 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. முடிந்துபோன மக்கள் வழக்குத் தொடுப்பதில்லை. முடிவின் நேரத்தை இறைவன் அறிவான். படக்காரர் அறிய மாட்டார்.

ஆதியும் எரிவாயுவும்

இறுதியாக, இத்துறையின் மிகப் பெரும் பெயருக்கு வருகிறோம். பிரேசில் நாட்டின் செபஸ்தியான் சல்காடோ 1944இல் பிறந்து 2025 மே மாதம் மறைந்தார். பொருளியல் கற்று, அத்தொழிலை விட்டுப் படக்கலைக்கு வந்தவர். கால்நடைப் பண்ணையில் வளர்ந்தவர். பாழ்பட்டுப் போன அப்பண்ணை நிலத்தில் மனைவியோடு சேர்ந்து இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வளரச் செய்தவர். மண்ணின் மீது அவர் கொண்ட அன்பில் நமக்கு ஐயமில்லை. கெடாத உலகைத் தேடி எட்டாண்டுகள் சுற்றி அவர் எடுத்த படங்கள் 2013இல் பெருநூலாயின. விவிலியத்தின் முதல் ஆகமத்தின் பெயரையே அந்நூலுக்குச் சூட்டினார்.

அதில் வடபுலத்துக்கென ஒதுக்கிய பகுதியில், ருஷ்யாவின் யமால் தீபகற்பத்து நெனெத்ஸ் மக்கள் வருகின்றனர். யமால் என்பதற்கு அவர்கள் மொழியில் நிலத்தின் முடிவு என்று பொருள். துருவமான்களோடு பருவந்தோறும் இடம்பெயர்ந்து, தோல் கூடாரங்களில் தங்கும் மக்கள் அவர்கள். 2011இன் இளவேனிலில் சல்காடோ அவர்களோடு பயணம் செய்தார். உறைந்த ஓப் ஆற்றின் மீது சறுக்குவண்டிகளும் மான்களும் நீண்ட வரிசையாகச் செல்லும் படத்தை ஒருமுறை கண்டவர் மறக்க இயலாது. வெண்மையின் மீது எழுதிய ஒற்றை வரிபோல் அவ்வரிசை நெளிந்து செல்கிறது. படைப்பின் பெருமையையும் மனிதனின் சிறுமையையும் ஒருங்கே உணர்த்தும் காட்சி அது. ஸுப்ஹானல்லாஹ் என்று நம் நா தானே சொல்கிறது.

ஆனால் வியப்பு தணிந்தபின் நம் கேள்விகள் எழுகின்றன. ஆதி நாளின் உலகம் என்று காட்டப்படும் இந்த யமால், உண்மையில் எத்தகையது? உலகின் மாபெரும் எரிவாயுக் களங்களுள் ஒன்றான போவனென்கோவோ அங்கேதான் உள்ளது. சல்காடோ அங்கே சென்ற நாள்களில் அக்களத்துக்கு இருப்புப்பாதை அமைந்துவிட்டிருந்தது. 2012இல் எரிவாயு குழாய்வழி ஓடத் தொடங்கியது. சோவியத் ஆட்சியில் நெனெத்ஸ் மக்களின் மந்தைகள் கூட்டுப் பண்ணைகளுக்குள் சேர்க்கப்பட்டன. பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். பனியில் ஓடும் மோட்டார் வண்டியும் செல்பேசியும் அவர்கள் வாழ்வில் கலந்துவிட்டன. நினைவில் நிற்கும் அப்படங்களில் இவற்றை நாம் காணவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவையும் உண்டு. 2013 நவம்பரில் யமாலில் பனியின் மீது மழை பெய்தது. பெய்த நீர் உறைந்து கல்போல் இறுகியது. பனிக்கடியில் இருக்கும் லைக்கன் என்னும் பாசிப்பூஞ்சையைக் குளம்பால் கிளறித் தின்பதே துருவமானின் குளிர்கால வாழ்வு. இறுகிய பனிக்கட்டியைக் குளம்பால் உடைக்க இயலாமல் அக்குளிர்காலத்தில் ஏறத்தாழ 61,000 மான்கள் பட்டினியால் மடிந்தன. 2016இன் கடுங்கோடையில் அடைப்பான் நோய் பரவி 2,000க்கும் மேற்பட்ட மான்கள் இறந்தன. மேய்ப்பர் குடும்பத்துச் சிறுவன் ஒருவனும் இறந்தான். கெடாத ஆதி உலகத்தில் நடப்பவையல்ல இவை. நம் காலத்தில், நம் அனைவரின் புகையும் சேர்ந்து சூடாக்கிய உலகத்தில் நடப்பவை.

சல்காடோவின் மீது நாம் வைக்கும் குறை இதுதான்: அவர் பொய்யானதைக் காட்டினார் என்பதன்று, உண்மையில் ஒரு பாதியைக் காட்டி, மறுபாதியைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தினார் என்பது. சாட்சியத்தில் ஒரு பகுதியை மறைப்பதும் மறைப்பதே. அப்பெருநூலில் விளக்கக் குறிப்புகள் படங்களின் அருகில் இல்லாமல் தனிச் சிறுநூலில் வைக்கப்பட்டிருப்பதையும் நாம் நல்ல ஏற்பாடாகக் கருதவில்லை. மூலத்திலிருந்து தொடரைப் பிரித்து வேறொரு பையில் போட்டதுபோல் அது இருக்கிறது. அச்சிறுநூல் எத்தனை வீடுகளில் இன்னும் தொலையாமல் இருக்கும்?

நிறம் நீங்குவதால் நேர்வன

கருப்பு வெள்ளை பற்றியும் ஒரு சொல். திரோம்ஹோல்டுக்கு வேறு வழியில்லை. அக்காலத் தகடு நிறமறியாதது. ஆக்செல்சனும் சல்காடோவும் நிறம் கைக்கெட்டியும் அதனைத் துறந்தவர்கள். சல்காடோ 2008 முதல் எண்முறைக் கருவிக்கே மாறிவிட்டார். ஆகவே யமாலில் நிறம் நீங்கியது முழுக்க முழுக்க அவர் தேர்வு.

இத்துறவால் பெறுவது மிகுதி என்பதை மறுக்க மாட்டோம். நிறம் நீங்கியதும் தோலின் மயிர், மூச்சின் ஆவி, மரத்தின் வடு, மணலின் கறை யாவும் தெளிவாகின்றன. வெண்பனி நாட்டுக்கு இம்முறை இயல்பாகவே பொருந்துகிறது. ஆயின் இழப்பும் உண்டு. சாமி மக்களின் மரபுடையில் உள்ள நீலமும் சிவப்பும் மஞ்சளும் வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. நிறத்தையும் பட்டியின் அமைப்பையும் கண்டே, இவர் இன்ன பகுதியைச் சேர்ந்தவர் என்று அறிந்தோர் சொல்லிவிடுவர். அவ்வுடை ஓர் ஊர்ப்பெயர். நிறத்தை நீக்கும்போது அப்பெயரும் அழிகிறது. பிறந்த ஊர் தெரியாத ‘வடபுல மனிதன்’ மட்டும் எஞ்சுகிறான். மேலும், கருப்பு வெள்ளை எதையும் பழமையாக்கிக் காட்டும் தன்மையது. நேற்று எடுத்த படமும் நூறாண்டு கடந்ததாய்த் தோன்றும். வாழும் மக்களை முன்னோர்களாக்கிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. எனவே நிறத்தைத் துறக்கும் கலைஞர், அந்நிறம் சொல்லியிருக்கக் கூடியதை எழுத்தாலேனும் சொல்லிவிடக் கடமைப்பட்டவர்.

அமானிதம்

கலையழகு என்னும் துலாக்கோலில் நிறுத்தால் சல்காடோவின் தட்டு தாழும். ஆனால் நாம் தொடக்கத்தில் கேட்ட நான்கு கேள்விகளை வைத்து நிறுத்தால், விண்ணொளியைப் பிடிக்க முடியாமல் தோற்ற அந்தப் பள்ளி ஆசிரியரே நமக்குப் பெரியவராய்த் தெரிகிறார். அவர் பிடித்த நிழலுக்குப் பெயர் உண்டு. நோக்கத்தில் இழிவு இல்லை. வைத்திருக்கும் இடம் பலரும் அறிந்தது. உரியவரின் வழித்தோன்றல்கள் சென்று தேடிக்கொள்ளவும் கூடும். ஒருவரின் நிழலைப் பெற்றுக்கொண்டவர் அமானிதம் பெற்றவர். உரியவரிடம் அதனை ஒப்படைக்கும் வரை பொறுப்பு நீங்குவதில்லை.

இந்த அளவுகோலை வடதுருவத்தாரிடம் மட்டும் நீட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. நம் வீட்டுப் பெட்டிகளிலும் கருப்பு வெள்ளைப் படங்கள் கிடக்கின்றன. ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாளில் எடுத்தது, கடல் கடந்து பிழைக்கப் போனவர் அனுப்பியது, கல்விச் சாலை ஒன்றின் ஆண்டு விழாவில் எடுத்தது. அவற்றில் நடுவே அமர்ந்திருப்பவரின் பெயர் பலருக்கும் தெரியும். பின்வரிசையில் நிற்பவர் யார்? ஓரத்தில் தோளில் துண்டோடு நிற்கும் அந்த ஏவலாள் யார்? சொல்லத் தெரிந்த ஒரே ஒருவர் இன்று எண்பது வயதைக் கடந்து திண்ணையில் அமர்ந்திருக்கிறார். இந்த இதழைப் படித்து முடித்ததும் அப்படங்களை எடுத்து அவர் கையில் கொடுங்கள். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் பெயர்களை எழுதி வையுங்கள். ஏவலாளின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.